மாதவிடாய் நிறுத்தத்திற்கான ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு

மாதவிடாய் நிறுத்தத்திற்கான ஹார்மோன் சிகிச்சை என்பது, சூலகங்கள் சுரப்பதை நிறுத்திவிட்ட ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து மருந்தாகத் தந்து, அதன் குறைவால் வரும் தொல்லைகளைத் தணிக்கும் மருத்துவ முறையாகும். கருப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. 1940களில் வட அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இம்முறை, 1960களில் இளமை காக்கும் மருந்தாகப் போற்றப்பட்டது. 1975இல் புற்றுநோயை வரவழைக்கும் மருந்தாக அஞ்சப்பட்டது. 1990களில் இதயத்தைக் காக்கும் மருந்தாக மீண்டும் எழுந்தது. 2002இல் ஒரே ஆய்வறிக்கையால் மறுபடியும் சரிந்தது. இருபது ஆண்டு மறு ஆய்வுக்குப் பின் இன்று, யாருக்கு, எந்த வயதில், எந்த வடிவில் தரலாம் என்று பிரித்துப் பார்க்கும் நிலைக்கு மருத்துவம் வந்துள்ளது. ஒரே மருந்தைப் பற்றி ஒவ்வொரு தலைமுறைப் பெண்களுக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்லப்பட்டது எப்படி, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இந்த வரலாற்றின் மையம்.

மாதவிடாய் நிறுத்தத்தின்போது உடலில் நிகழ்வது

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அனைத்தும் அமைந்துவிடுகின்றன. அவை குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய தீரும் நிலையில், முட்டைப் பைகள் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. 40 வயதுக்கு முன் நிகழ்ந்தால் அது இயல்புக்கு மாறானது; தனிக் கவனம் தேவைப்படுவது.

ஈஸ்ட்ரோஜன் குறைவை உடல் பல இடங்களில் உணர்கிறது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் அமைப்பு அளவுக்கு மீறி உணர்திறன் கொள்கிறது. அதனால் சிறு வெப்ப மாற்றத்துக்கும் தோலின் இரத்தக் குழாய்கள் திடீரென விரிந்து, முகமும் மார்பும் கொதித்து, வியர்த்து, பிறகு குளிர் எடுக்கிறது. இரவில் இது வந்தால் தூக்கம் கெடுகிறது. பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை வருகின்றன. மனச்சோர்வும் மறதியும் சிலரை வாட்டுகின்றன. இவை வெளியே தெரிபவை. வெளியே தெரியாமல் நடப்பது எலும்பில். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததும் மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. இரத்தக் கொழுப்பின் அளவும் மாறுகிறது. உடனடித் தொல்லை, நெடுங்கால ஆரோக்கியம் என்னும் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று கலந்துபோனதுதான் சிகிச்சையின் வரலாற்றில் பெருங்குழப்பம் விளையக் காரணமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம்

மாதவிடாய் நிற்பது பழங்காலத்திலிருந்தே அறியப்பட்டதுதான். அதற்கென ஒரு மருத்துவப் பெயரைத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் த கார்தான். 1816இல் ஒரு வடிவிலும், 1821இல் இன்று வழங்கும் 'மெனோபாஸ்' என்ற வடிவிலும் அவர் அப்பெயரை அமைத்தார். மாதம், நிறுத்தம் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெயர் கிடைத்ததும் அது மருத்துவர்களின் பாடப்பொருளாயிற்று. லண்டன் மருத்துவர் எட்வர்டு டில்ட் 1857இல் இது குறித்துத் தனி நூலே எழுதினார். அக்காலத்து மருந்துகளில் அபினும் பெல்லடோனா பற்றும் இருந்தன. ஈய உப்புக் கரைசலால் பிறப்புறுப்பைக் கழுவும் முறையும் இருந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரிலிருந்து 1875 முதல் விற்கப்பட்ட லிடியா பிங்கம் மூலிகை மருந்து பெண்களிடையே பெரும்பேர் பெற்றது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாராயம் இருந்தது.

இதே காலத்தில் அறுவை மருத்துவம் ஒரு புதிய நிலையை உருவாக்கியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி 1872இல் ஓர் இளம்பெண்ணின் சூலகங்களை அகற்றினார். மாதவிடாய்க் கோளாறு, வலிப்பு, மனநோய் என்று பல காரணங்களுக்காக அந்த அறுவை சிகிச்சை அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டது. இளம் வயதிலேயே, ஒரே நாளில், மாதவிடாய் நிறுத்தத்துக்குத் தள்ளப்பட்ட அவர்களிடம் உடற்சூடும் உறக்கமின்மையும் மிகக் கடுமையாகத் தோன்றின. சூலகம் இல்லாத உடலில் எது குறைகிறது என்ற கேள்வி மருத்துவர்களிடம் எழுந்தது இவர்களைப் பார்த்துத்தான்.

சூலகச் சாறு முதல் ஹார்மோன் வரை

1889இல் பாரிசில், 72 வயது உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் எட்வர்டு பிரௌன்-சேக்கார், விலங்குகளின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு வலிமை திரும்பியதாக அறிவித்தார். அந்த முடிவு ஆய்வில் நிற்கவில்லை. ஆயினும் உறுப்புகளின் சாற்றை மருந்தாக்கும் ஆர்வத்தை அது ஐரோப்பா முழுவதும் தூண்டிவிட்டது. 1890களில் ஜெர்மன் மருத்துவர்கள் சூலகம் அகற்றப்பட்ட பெண்களுக்குப் பசுவின் சூலகத்தைக் காயவைத்துப் பொடியாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அந்தப் பொடியில் மிகக் குறைவாகவே இருந்தது. வயிற்றில் செரிமானத்தைத் தாண்டி நிலைப்பதும் அரிது. பலன் சீராகக் கிடைக்காததில் வியப்பில்லை.

வியன்னாவில் எமில் க்னாவர் செய்த முயல் சோதனைகள் தெளிவான விடை தந்தன. சூலகத்தை எடுத்த முயல்களில் கருப்பை சுருங்கியது. அதே சூலகத்தை உடலின் வேறிடத்தில் ஒட்டவைத்தபோது கருப்பை சுருங்காமல் நின்றது. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் சூலகம் வேலை செய்கிறது என்றால், அது இரத்தத்தின் வழியாக ஏதோ ஒரு பொருளை அனுப்புகிறது என்று பொருள். இப்படி உறுப்புகள் இரத்தத்தில் விடும் செய்திப் பொருள்களுக்கு 1905இல் ஆங்கிலேய அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரைப் பயன்படுத்தினார்.

அந்தப் பொருளைப் பிடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்டு டாய்சியும் 1923இல் பன்றியின் முட்டைப் பை நீரில் அது இருப்பதைக் காட்டினார்கள். எந்தச் சாற்றில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை எலியின் பிறப்புறுப்புச் செல் மாற்றத்தைக்கொண்டு அளக்கும் முறையையும் வகுத்தார்கள். அளக்க முடிந்த பிறகு வேலை விரைந்தது. 1929இல் டாய்சியும் ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனாண்ட்டும் தனித்தனியே கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் தூய ஈஸ்ட்ரோஜனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பாலியல் ஹார்மோன் ஆய்வுக்காகப் புட்டனாண்ட்டுக்கு 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரிலிருந்து மாத்திரை

ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம் கணக்கில் கிடைத்த பொருளை மருந்துக்கடைக்குக் கொண்டுவர மலிவான மூலப்பொருள் தேவைப்பட்டது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குபெற்ற ஜேம்ஸ் காலிப், கனடாவின் மான்ட்ரியல் நகரில் மனித நஞ்சுக்கொடியிலிருந்து வாய்வழி உட்கொள்ளக்கூடிய ஒரு மருந்தை உருவாக்கினார். அயர்ஸ்ட் நிறுவனம் அதை 'எம்மெனின்' என்ற பெயரில் விற்றது. பின்னர் கர்ப்பிணிகளின் சிறுநீர் மூலப்பொருளாயிற்று. விலையும் அதிகம், வரத்தும் போதவில்லை. சினைக் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருப்பதை 1930இல் பெர்ன்ஹார்டு சோண்டெக் கண்டறிந்திருந்தார். அதைப் பயன்படுத்தி அயர்ஸ்ட் நிறுவனம் உருவாக்கிய 'பிரெமரின்' மாத்திரை 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தது. சினைக் குதிரைச் சிறுநீர் என்னும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்தே அந்தப் பெயர் அமைந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளின் வரலாறு பெரிதும் இந்த ஒரு மாத்திரையின் வரலாறுதான்.

இதற்கிடையே 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் ஈஸ்ட்ரோஜனைப் போல் வேலை செய்யும் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார்கள். அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. யாரும் மலிவாகத் தயாரிக்கலாம். மாதவிடாய் நிறுத்தத் தொல்லைகளுக்காக 1941இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் தந்தது. பின்னர் கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கர்ப்பிணிகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. அவர்களுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளிடம் அரிதான ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் தோன்றுவதை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தாய் விழுங்கிய மாத்திரை மகளைத் தாக்கியது என்ற செய்தி, ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் மேல் விழுந்த முதல் பெரிய நிழல்.

எலும்பு பற்றிய கண்டுபிடிப்பு

1940களின் தொடக்கத்தில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஃபுல்லர் ஆல்பிரைட் ஒன்றைக் கவனித்தார். முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்து வருவோரில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். சூலகம் அகற்றப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். எலும்புப்புரை வெறும் முதுமையின் விளைவு என்று எண்ணப்பட்ட காலத்தில், அதற்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1941இல் அவர் குழு எடுத்துரைத்தது. மாதவிடாய் நிறுத்தம் சில ஆண்டுத் தொல்லையோடு முடிவதில்லை, முப்பது ஆண்டு கழித்து இடுப்பெலும்பு முறிவதிலும் அது வெளிப்படும் என்ற புரிதல் இங்கிருந்து தொடங்குகிறது. பின்வந்த ஆய்வுகளில் அசையாமல் நின்ற முடிவுகளுள் இதுவும் ஒன்று.

இளமையின் பெயரால்

புரூக்ளின் நகரின் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966இல் வெளியிட்ட 'ஃபெமினின் ஃபாரெவர்' நூல், மாதவிடாய் நிறுத்தத்தை ஒரு குறைபாட்டு நோய் என்று அறிவித்தது. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ, அப்படித்தான் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்பது அவர் வாதம். சிகிச்சை பெறாத பெண் அழகும் அறிவும் மங்கிக் கணவனுக்குச் சுமையாகிறாள் என்ற தொனியில் அவர் எழுதினார். மருந்தை வாழ்நாள் முழுவதும் எடுக்கச் சொன்னார். நூல் பெருமளவில் விற்றது. இதழ்கள் அதைக் கொண்டாடின. அவருடைய ஆய்வு அறக்கட்டளைக்கு ஈஸ்ட்ரோஜன் விற்கும் நிறுவனங்கள் பணம் தந்திருந்தது பின்னாளில் வெளிவந்தது.

வில்சனின் வாதத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. ஈஸ்ட்ரோஜன் உடற்சூட்டை உண்மையிலேயே தணித்தது. அதைவிட நன்றாகத் தணிக்கும் மருந்து அன்றும் இல்லை. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, தொல்லையே இல்லாத பெண்ணும் மருந்து எடுக்க வேண்டும் என்று தாவியதில்தான் பிழை. அந்தத் தாவலுக்குச் சான்றாக ஒரு முறையான சோதனைகூட அப்போது நடத்தப்பட்டிருக்கவில்லை.

1975: முதல் சரிவு

1975 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஒரே இதழில் இரு ஆய்வுகளை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் ஆபத்து ஒன்றில் 4.5 மடங்கும் மற்றொன்றில் 7.6 மடங்கும் கூடியிருந்தது. காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளர்க்கிறது. பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி, உட்சுவர் உதிர வழிசெய்கிறது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால், வளர்ச்சி தடையின்றித் தொடர்ந்து புற்றாக மாறக்கூடும்.

விற்பனை விழுந்தது. அமெரிக்கப் பெண்கள் நல இயக்கம் இதைக் கையிலெடுத்தது. மருந்தின் ஆபத்துகளை எளிய மொழியில் அச்சிட்ட தாள் ஒவ்வொரு ஈஸ்ட்ரோஜன் பொட்டலத்துடனும் வாங்குபவர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று 1977இல் உணவு மருந்து நிர்வாகம் விதித்தது. மருந்து உற்பத்தியாளர் சங்கமும் மருத்துவர் அமைப்புகளும் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன, விதி நிலைத்தது. மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்த செய்தி நோயாளிக்கும் உரியதாயிற்று.

கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோய் ஆபத்து நீங்குவது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1980களின் நடுவில் எலும்புப்புரையைத் தடுக்கும் மருந்தாக ஈஸ்ட்ரோஜனுக்கு அதிகாரப்பூர்வ ஏற்பும் கிடைத்தது. மாத்திரை மீண்டும் எழுந்தது.

இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை

ஆண்களைவிடப் பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருகிறது. மாதவிடாய் நின்றபின் அந்த இடைவெளி குறைகிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கக்கூடும் என்ற கருத்து இயல்பாகவே எழுந்தது. 1976இல் தொடங்கி 1,21,700 அமெரிக்கச் செவிலியரைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் எடுப்போரிடம் இதயநோய் குறைவு என்று 1985இல் தெரிவித்தது. அதே நாளில், அதே இதழில் வெளிவந்த ஃபிரேமிங்காம் ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைச் சொன்னது. மருத்துவ உலகம் முதல் முடிவையே பற்றிக்கொண்டது. 1990களில் பிரெமரின் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதித்தரப்பட்ட மருந்துகளுள் ஒன்றாக விளங்கியது.

இத்தகைய கவனிப்பு ஆய்வுகளில் ஒரு பள்ளம் உண்டு. ஹார்மோன் எடுத்த பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர்கள். அவர்கள் இதயம் நன்றாக இருந்ததற்கு மாத்திரை காரணமா, வாழ்க்கை காரணமா என்று பிரிப்பது கடினம். பிரிக்க ஒரே வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவது. இதயக் காப்புக்கென மருந்துக்கு ஒப்புதல் கேட்கப்பட்டபோது, பெண்கள் நல அமைப்புகள் இத்தகைய சோதனையைத்தான் வலியுறுத்தின.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான பெர்னடீன் ஹீலி 1991இல் 'பெண்கள் நல முன்னெடுப்பு' என்னும் பேராய்வைத் தொடங்கிவைத்தார். 50 முதல் 79 வயது வரையிலான 1,61,808 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். அவர்களில் 27,347 பேர் ஹார்மோன் சோதனைகளில் பங்கேற்றார்கள். இதன் முடிவு வருவதற்கு முன்பே, 1998இல், ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களிடம் நடந்த மற்றொரு சோதனை, ஹார்மோனால் இதயத்துக்குப் பயனில்லை என்றும் முதல் ஆண்டில் பாதிப்பு கூடியது என்றும் காட்டி எச்சரிக்கை மணி அடித்தது.

2002 ஜூலை

கருப்பை உள்ள 16,608 பெண்களிடம் நடந்த கூட்டு ஹார்மோன் சோதனை, திட்டமிட்ட காலத்துக்கு முன்பே, சராசரியாக 5.2 ஆண்டுகளில் நிறுத்தப்படுவதாக 2002 ஜூலை 9 அன்று அறிவிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் முன்பே வகுத்திருந்த எல்லையைத் தாண்டியிருந்தது. செய்தித்தாள்களில் வந்த எண்கள் அச்சமூட்டின: மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு, இதயநோய் 29 விழுக்காடு, பக்கவாதம் 41 விழுக்காடு அதிகம், நுரையீரல் இரத்த உறைவு இரு மடங்கு.

அதே முடிவை ஆண்டுக்கு 10,000 பெண்கள் என்ற கணக்கில் எழுதினால் வேறு விதமாகத் தெரியும். வெற்று மாத்திரை எடுத்த 10,000 பேரில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. பக்கவாதம் 21இலிருந்து 29 ஆயிற்று. இதயநோய் 30இலிருந்து 37 ஆயிற்று. இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. இரண்டு கணக்குகளும் சரியே. நலமாக இருக்கும் பெண்ணுக்கு நோய்த் தடுப்பு என்று சொல்லிக் கொடுக்கும் மருந்தில் இந்தச் சிறிய கூடுதலும் ஏற்கத்தக்கதல்ல. இரவெல்லாம் வியர்த்துத் தூக்கமின்றித் தவிக்கும் 50 வயதுப் பெண்ணின் தராசில் அதன் எடை வேறு. அந்த வேறுபாட்டைச் செய்திகள் சொல்லவில்லை. பல மருத்துவர்களும் சொல்லவில்லை.

இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் ஓராண்டுக்குள் மருந்துச் சீட்டுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 2003இல் பிரிட்டனில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தை உறுதிசெய்தது. அடுத்த பத்தாண்டுகளில் பயிற்சி பெற்ற மருத்துவர்களில் பலர் இந்தச் சிகிச்சையைத் தரவே கற்றுக்கொள்ளாமல் வெளிவந்தார்கள்.

மறு ஆய்வுகள் காட்டியவை

சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்கினர் 60ஐத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். சோதனையின் நோக்கம் நாட்பட்ட நோய்களைத் தடுக்க முடியுமா என்று அறிவது. ஆகையால் கடும் தொல்லையில் இருந்த இளையவர்கள் பெரும்பாலும் அதில் இல்லை. 2007இல் அதே ஆய்வுக் குழு முடிவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்கு இதய ஆபத்து கூடவில்லை. இருபது ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்குக் கூடியது. 643 பெண்களிடம் நடந்து 2016இல் வெளிவந்த மற்றொரு சோதனை இதற்கு வலுச் சேர்த்தது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ராடியால் தொடங்கியவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவாயிற்று. பத்து ஆண்டு கடந்தவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. நலமான இரத்தக் குழாயில் ஒருவிதமாகவும், கொழுப்புப் படிந்து தடித்த குழாயில் வேறுவிதமாகவும் ஈஸ்ட்ரோஜன் நடந்துகொள்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

மருந்தின் வகையும் வேறுபாட்டை உண்டாக்கியது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த சோதனை, பக்கவாதம் கூடியதால் 2004இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நெடுங்காலத் தொடர் ஆய்வில் குறைந்தே காணப்பட்டது. வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் சென்று இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ பசையாகவோ தந்தால் அது கல்லீரலைத் தவிர்த்து நேரே இரத்தத்தில் சேர்கிறது. இரத்த உறைவு ஆபத்து இவ்வகையில் கூடுவதில்லை என்று பிரெஞ்சு ஆய்வுகள் காட்டின. புரோஜெஸ்டிரோன் வகைகளிலும், உடலில் சுரப்பதை ஒத்த நுண்துகள் புரோஜெஸ்டிரோன், பழைய செயற்கை வகைகளைவிட மார்பகத்துக்கு ஆபத்துக் குறைந்ததாகத் தெரிந்தது. பேராய்வில் பங்கேற்றவர்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட கணக்கில், ஹார்மோன் எடுத்தவர்களின் மொத்த இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் கூடியிருக்கவில்லை.

இவற்றால் ஆபத்து முழுவதும் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. கூட்டு ஹார்மோனை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு கூடுவதை 2019இல் வெளிவந்த பன்னாட்டுத் தொகுப்பாய்வு மீண்டும் உறுதிசெய்தது. 65 வயதுக்கு மேல் கூட்டு ஹார்மோன் தொடங்கியவர்களிடம் மறதிநோய் கூடியதும் பதிவாகியுள்ளது.

ஹார்மோன் அல்லாத மருந்துகள்

ஹார்மோன் எடுக்க இயலாத பெண்கள் எப்போதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் அவர்களில் முதன்மையானவர்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் குறைந்த அளவில் உடற்சூட்டைத் தணிப்பது தெரிந்து, பராக்ஸிடின் 2013இல் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்றது. ஹைபோதலாமஸில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மிகையாக இயங்கும் நரம்புச் செல்கள் எவை என்று அடையாளம் காணப்பட்டபின், அவற்றை நேரடியாக அடக்கும் ஃபெசோலினெடன்ட் 2023இல் வந்தது. கல்லீரல் பாதிப்பு குறித்த கடும் எச்சரிக்கை அடுத்த ஆண்டே அதன் உறையில் ஏறியது. மனவழி அறிதல் நடத்தைச் சிகிச்சையும் உடற்சூட்டைத் தாங்கிக்கொள்ளவும் தூங்கவும் உதவுவதாகச் சோதனைகளில் தெரிந்துள்ளது. எலும்பைக் காக்க ஹார்மோன் அல்லாத தனி மருந்துகள் 1990களிலிருந்தே உள்ளன.

இந்தியாவில்

இந்திய மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 1995இல் தொடங்கப்பட்டது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு அது நான்கைந்து ஆண்டுகள் முந்தி, 46 - 47 வயதில் நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் இன்றி வாழும் ஆண்டுகள் அந்த அளவுக்கு நீள்கின்றன. எலும்புக்கான கேள்வி இங்கே கூடுதல் கனம் கொண்டது.

இந்தியாவுக்கே உரிய மற்றொரு சிக்கல் கருப்பை அகற்றம். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு இதைப் பற்றி முதன்முறையாக நேரடியாகக் கேட்டது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். அறுவையின்போது அவர்களின் இடைநிலை வயது 34. பெரும்பாலானவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராட்டிரத்தின் பீடு மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள், வேலை நாள் இழப்புக்கு அஞ்சியும் மருத்துவர்களின் தவறான அச்சுறுத்தலாலும் இளவயதில் கருப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் நாடறிந்த செய்தியாயிற்று. தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது.

கருப்பையோடு சூலகங்களையும் எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் அன்றே நேர்கிறது. சூலகத்தை விட்டுவைத்தாலும் அது வழக்கத்தைவிட முன்னதாக ஓய்ந்துவிடக்கூடும். 35 வயதில் ஈஸ்ட்ரோஜனை இழந்த பெண்ணுக்கு எலும்புமுறிவும் இதயநோயும் வர வாய்ப்பு அதிகம். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் தரவேண்டும் என்பதில் இன்றைய மருத்துவ அமைப்புகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அறுவை முடிந்து வீடு திரும்பும் உழைக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லி அனுப்பும் ஏற்பாடுதான் குறைவு. 2002இன் அச்சம் 60 வயதுப் பெண்களின் எண்களிலிருந்து பிறந்தது; அதன் நிழல் மிக இளையவர்கள் மேலும் விழுந்துகிடக்கிறது.

இன்றைய நிலை

பிரிட்டனின் தேசிய நல வழிகாட்டு நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறை, பெண்ணுக்கு நன்மை தீமை இரண்டையும் எண்ணோடு சொல்லி, முடிவை அவரோடு சேர்ந்து எடுக்கச் சொன்னது. அந்நாட்டில் தேவை கூடியதால் 2022இல் ஹார்மோன் மருந்துகளுக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றி மருந்து உறைகளில் கட்டமிட்டு அச்சிடப்பட்ட எச்சரிக்கைகளை நீக்கும் முடிவை 2025 நவம்பரில் அறிவித்தது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தருவதற்கு எதிரான எச்சரிக்கை அப்படியே உள்ளது.

மருத்துவ அமைப்புகள் இன்று பொதுவாக ஏற்பது இது: 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் உள்ள, தொல்லை மிகுந்த பெண்ணுக்கு, தடைகள் ஏதும் இல்லையெனில், ஹார்மோன் சிகிச்சையின் நன்மை பெரும்பாலும் தீமையை விஞ்சும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு, கடும் கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை தடைகள். வறட்சிக்கும் சிறுநீர்த் தொல்லைக்கும் மட்டுமெனில், பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பே போதும்; இரத்தத்தில் அது மிகச் சிறிதளவே கலக்கிறது. மாதவிடாய் நின்றபின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்ப்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி. இதயநோயைத் தடுப்பதற்கென்றே ஹார்மோன் எடுப்பதை எந்தப் பெரிய அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. அதற்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கவனிப்பதே வழி. எலும்புக்கு எடை தாங்கும் உடற்பயிற்சியும் போதிய கால்சியமும் வைட்டமின் டியும் அடித்தளம்.

1966இல் எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார்கள். 2002இல் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம் என்று புரிந்துகொண்டார்கள். இரு முறையும் 45 வயதுப் பெண்ணும் 70 வயதுப் பெண்ணும், தொல்லை உள்ளவரும் இல்லாதவரும், சூலகம் இழந்தவரும் இயல்பாக ஓய்ந்தவரும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். வயது, மாதவிடாய் நின்ற ஆண்டு, கருப்பையும் சூலகமும் உள்ளனவா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்தத் தொல்லை உறக்கத்தைக் கெடுக்கிறது என்று தனித்தனியே கேட்டு எழுதும் மருந்துச் சீட்டே நூறாண்டு ஆராய்ச்சியின் பயன். அக்கேள்விகளைக் கேட்க ஒரு மருத்துவருக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் அந்தப் பதினைந்து நிமிடங்கள் கிடைப்பதுதான் இப்போதைய சவால்.